இரண்டே இரண்டு பாயின்ட்!

2022-ம் வருஷம், டிசம்பர் 15. வியாழக்கிழமை ராத்திரி.

கார்த்திகை மாசக் கடைசியில் குற்றாலம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடிச் சாரலுக்கு வருகிற கூட்டம் வேறு, இந்தக் கூட்டம் வேறு. மெயின் அருவிக் கரை முழுக்கக் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும்தான். தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக சபரிமலைக்குப் போகிறவர்களும், தரிசனம் முடிந்து திரும்புகிறவர்களும் இங்கே ஒரு முழுக்குப் போடாமல் நகர மாட்டார்கள். அந்த வாரம் டீக்கடை பெஞ்சுகளில் சரண கோஷத்துக்கு நடுவே இன்னொரு பெயரும் பலமாக அடிபட்டது... மெஸ்ஸி! கத்தாரில் உலகக் கோப்பை கால்பந்து. அர்ஜென்டினா ஃபைனலுக்கு வந்தாச்சு. அன்று விடிவதற்கு முன்னால்தான் பிரான்ஸ், மொராக்கோவை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஊர் உலகமே ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அதே வியாழக்கிழமை ராத்திரி, மும்பை வொர்லியில் ஓர் உள்ளரங்கத்தில், 'தமிழ்' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்த ஓர் அணி செமி ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது கால்பந்து அல்ல, கபடி. நம் மண்ணின் ஆட்டம் என்று நாம் மேடைக்கு மேடை பெருமையடித்துக்கொள்கிறோமே, அதே சடுகுடு. தமிழ் தலைவாஸ் – புனேரி பல்தான். ஜெயித்தால் ஃபைனல், தோற்றால் ரயில். நாற்பது நிமிஷ ஆட்டம் முடிந்தபோது மின்பலகையில் 39–37 என்று இருந்தது.

37 நம்முடையது.

ஒரு ஃபைனலில் தோற்றவனைக்கூட சரித்திரம் ஓர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். செமி ஃபைனலில் தோற்றவனுக்கு அந்த மரியாதையும் கிடையாது. இன்றைக்கு பத்து பேரை நிறுத்தி அந்த 39–37-ஐப் பற்றிக் கேளுங்கள், ஒன்பது பேர் முழிப்பார்கள். ஆனால், தமிழ்நாட்டின் பெயரைச் சுமந்த ஒரு தொழில்முறை கபடி அணி கோப்பைக்கு மிக அருகில் போய் நின்றது அந்த ஓர் இரவில்தான். அதனால்தான் அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில், இந்த ஆட்டம் யாருடையது?

'கை பிடி'தான் கபடி ஆச்சு என்று நம்மவர்கள் அடித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! மராட்டியர்களைக் கேட்டால் 'ஹு து து' என்பார்கள். வங்காளத்தில் 'ஹா டு டு'. ஆந்திரத்தில் நம்மைப் போலவே 'செடுகுடு'. சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு தனியாகப் புகுந்ததுதான் முதல் 'ரெய்டு' என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பையனுக்கு உள்ளே போகத் தெரிந்தது, கோட்டைத் தொட்டுத் திரும்பத் தெரியவில்லை. ஆகவே பாயின்ட் எதிரணிக்கு! இப்படி ஆளாளுக்கு உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் ரொம்ப எளிது. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காசு வேண்டாம். ஒரு கோடு போட மண்ணும், மூச்சுப் பிடிக்க நெஞ்சும் இருந்தால் போதும். அப்படிப்பட்ட ஆட்டம் ஒரே ஊரில் பிறந்து மற்ற ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும் என்று நம்புவது கஷ்டம்.

ஆனால் எழுதி வைத்த விதிகள் வந்தது மகாராஷ்டிரத்திலிருந்துதான். 1918-லிருந்தே அங்கே ஆட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பு ஒரே ஆட்டத்துக்கு மூன்று ரூபங்கள் இருந்தன. அவுட் ஆனவன் மொத்த அணியும் அவுட்டாகும்வரை வெளியிலேயே உட்கார வேண்டும் என்றது ஒரு ரூபம். அவுட் என்றாலும் வெளியே போக வேண்டாம், புள்ளியை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. மூன்றாவதற்கு 'சஞ்சீவனி' என்று பெயர். எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால், நம் அணியில் செத்தவன் ஒருவன் பிழைத்து உள்ளே வருவான். அனுமார் மலையைத் தூக்கி வந்த கதை தெரிந்த யாரோதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு உலகமெல்லாம் ஆடுவது இந்த சஞ்சீவனி கபடியைத்தான். 1950-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் வெறும் காட்சிப் போட்டியாக இருந்தது, 1990-ல் பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியானது. முதல் தங்கமே இந்தியாவுக்குத்தான். அந்த அணியில் தமிழ்நாட்டு ராஜரத்தினம் இருந்தார்.

தென்காசிக்காரர்களுக்கு 1990 வேறொரு காரணத்துக்காக மறக்காது. காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1824-ல் இடி விழுந்து எரிந்துபோய், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மொட்டையாக நின்றதே, அது ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் கண்டது அந்த வருஷம்தான். அந்தக் கோபுர வாசலில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு மலைக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். உள்ளே போகும்போது ஒரு பக்கம் தள்ளும், கொஞ்சம் நடந்தால் எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த வாசலில் நின்று பழகிய பையன்களுக்கு கால் ஊன்றி நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவர் தமாஷாகச் சொல்வார்.

குற்றாலத்து மலையில் இறங்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே கீழே இறங்கினால், ஆற்றுப் பாசனக் கிராமங்களில் ஒன்று மணத்தி. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை தென்காசியும் மணத்தியும் ஒரே நெல்லை மாவட்டம். (தென்காசி பிரிந்தது ரொம்பப் பிற்பாடு, 2019 நவம்பரில்.) அந்த மணத்தியிலிருந்து கிளம்பிய பி.கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருது அவருக்கு. சாதிச் சண்டையில் கிராமங்கள் பற்றி எரிந்த காலம் அது. பக்கத்து ஊர் மைதானத்துக்கு ஆடப் போவதே சிலருக்கு ஆபத்து என்றிருந்த நாட்கள். 2025-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படத்துக்குத் தூண்டுதல் இவருடைய வாழ்க்கைதான். படம் வந்த பிறகுதான் சென்னைக்காரர்கள் பலருக்கு 'மணத்தி' என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது!

நெல்லைச் சீமையின் கபடி என்றால் ராத்திரிக் கபடி. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அம்மன் கோயில் கொடை, இல்லாவிட்டால் பொங்கல். அறுவடையான வயலையோ, பள்ளிக்கூட மைதானத்தையோ சமப்படுத்தி, செம்மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு இழுப்பார்கள். நாலு மூலைக்கும் கம்பம் நட்டு விளக்கு. மைக்கில் ஒருவர் தொண்டை கிழிய அறிவித்துக்கொண்டே இருப்பார். "எலேய், தொடையப் பிடிலே... கணுக்காலு... கணுக்காலு..." என்று கோட்டுக்கு வெளியே நூறு பயிற்சியாளர்கள்!

அந்தப் போட்டிகளின் இலக்கணம் ஒன்றே ஒன்றுதான். நாக் அவுட். தோற்றால் வெளியே. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலை கோழி கூவுகிறவரை நடக்கும். முதல் ஆட்டத்திலேயே தோற்றவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். பாதி ராத்திரிக்கு மேல் தோற்றவர்களுக்குத்தான் சங்கடம். பஸ்ஸும் கிடையாது, தூக்கமும் வராது. ஆனால் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நோட்டீஸில் நாலு பரிசு போட்டிருப்பார்கள். செமி ஃபைனலில் தோற்ற இரண்டு அணிகளும் மூணாவது, நாலாவது பரிசாக ஏதோ கொஞ்சம் ரொக்கத்தையும் ஒரு கோப்பையையும் வாங்கிக்கொண்டுதான் போகும். கிராமத்துப் பெரியவர்களுக்கு செமி ஃபைனல் தோல்வியின் வலி தெரிந்திருக்கிறது!

இந்த மைதானங்களில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது கோப்பையல்ல, வேலை. ரயில்வே, மின்வாரியம், போலீஸ், வங்கி, ஏதாவது மில். விளையாட்டு கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே தலை நிமிரும். அதற்கு மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டிக்கான சான்றிதழ் வேண்டும். கோட்டைத் தொட ஒரு விரற்கடை கை நீளாமல் போனால், அது சில சமயம் ஒரு வேலை போன கணக்கு. விவசாயக் கூலிக்குப் போய்க்கொண்டே ஆடியவனுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் அவன் மைக் பிடிப்பான், அல்லது அம்பயராக நிற்பான்.

2014 ஜூலையில் வந்தது புரோ கபடி லீக். செம்மண் போய் ரப்பர் மெத்தை. வெறுங்கால் போய் ஷூ. மூச்சைக் கணக்காக வைத்த ஆட்டத்துக்கு 30 விநாடிக் கடிகாரம். இரண்டு முறை தொடர்ந்து வெறும் கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டு 'செய் அல்லது செத்து மடி'. எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்துப் போட்டால் 'சூப்பர் டேக்கிள்', ஒன்றுக்கு இரண்டு பாயின்ட். தோற்கிறவனுக்கும் கடைசிவரை கயிறு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு இது. டி.வி-க்கு வேறென்ன வேண்டும்?

நம் ஆட்கள் அதில் சோடை போகவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கித் தந்தார். அதே வருஷம் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வட இந்தியப் பையன்கள்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கவனித்தீர்களா... பாட்னா அணிக்கு! சென்னைக்கென்று ஓர் அணி அப்போது இல்லை. அது வந்தது 2017-ல், ஐந்தாவது சீஸனில். தமிழ் தலைவாஸ். பங்குதாரர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன், கேப்டன் அஜய் தாக்கூர். ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆட்டம்தான் இல்லை! அப்போது 12 அணிகளை ஏ, பி என்று இரண்டு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். ஐந்தாவது சீஸனில் பி மண்டலத்தில் கடைசி. ஆறாவதிலும் பி மண்டலத்தில் கடைசி. மண்டலத்தை ஒழித்து எல்லோரும் எல்லோரோடும் ஆடிய ஏழாவது சீஸனில் பன்னிரண்டில் பன்னிரண்டு. எட்டாவதில் பதினொன்று. 'முன்னேற்றம்' என்று கிண்டலடித்தார்கள்.

மண்டலம் என்றதும் அமெரிக்காவின் ஞாபகம் வருகிறது. அவர்கள் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு 'ஃபுட்பால்' என்று பெயர் வைத்தவர்கள், அது போகட்டும். அங்கே தொழில்முறை அணிகளை இரண்டு 'கான்ஃபரன்ஸ்'களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் சாம்பியனும் சூப்பர் பௌலில் மோதுவார்கள். கான்ஃபரன்ஸ் ஃபைனல் என்பது, பேர் பெரிதாக இருந்தாலும், செமி ஃபைனல்தான். அதில் ஓர் ஆட்டத்தை மட்டும் அமெரிக்கர்கள் மறப்பதேயில்லை. 1982 ஜனவரி 10, சான் ஃபிரான்சிஸ்கோ. ஊர்க்காரர்களான 'ஃபார்ட்டி நைனர்ஸ்' 21–27 என்று பின்தங்கியிருந்தார்கள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஜோ மொன்டானா எறிந்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் போவதுபோலப் பறந்தது. ட்வைட் கிளார்க் எகிறி விரல் நுனியில் பிடித்தார். 28–27! 'தி கேட்ச்' என்று அதற்குத் தனிப் பெயரே வந்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த அரை நிமிஷம். டல்லாஸ் அணி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ட்ரூ பியர்சன் என்கிற ஆட்டக்காரர் பந்தை வாங்கிக்கொண்டு பறந்தார். முன்னால் தடுக்க ஆளே இல்லை. பின்னாலிருந்து எரிக் ரைட் என்பவர் ஒற்றைக் கையால் அவருடைய ஜெர்சியின் கழுத்தைப் பற்றினார். பிடி நழுவியிருந்தால் 'தி கேட்ச்' என்று ஒன்று சரித்திரத்திலேயே இருந்திருக்காது. நழுவவில்லை. நம் கபடியில் இது செல்லாது, தெரியுமா? உடம்பையோ கை காலையோதான் பிடிக்கலாம், உடுப்பைப் பிடித்தால் ரெய்டர் அவுட் இல்லை. எங்கள் பக்கத்து அம்பயராக இருந்திருந்தால் அந்த மேட்சில் டல்லாஸுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும்!

சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலையும் ஜெயித்தது. அதனால்தான் அந்த கேட்ச்சுக்குப் பெயர். ஒரு பாயின்ட்டில் தோற்ற டல்லாஸ்காரர்களுக்கு அது வருஷா வருஷம் டி.வி-யில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் துக்கம்.

சரி, மும்பைக்கு வருவோம்.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் தலைவாஸ் ஒரு காரியம் செய்தது. பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு வாங்கியது. கபடியில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அவர் ரெய்டு போனால் எதிரணி இரண்டடி பின்னால் போகும் என்று பெயர் எடுத்தவர். ரசிகர்கள் கோப்பையைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி கொண்டாடினார்கள். அக்டோபர் 8, முதல் ஆட்டம், குஜராத்தோடு. ஆட்டம் ஆரம்பித்துச் சில நிமிஷங்களில் பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் சரிந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. சீஸனே முடிந்தது அவருக்கு. 2.26 கோடி, சில நிமிஷம்!

அந்த ஆட்டம் 31–31 என்று டிராவானது. குஜராத்தின் கேப்டன் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். தமிழ்நாட்டுக்காரர். தமிழ் அணிக்கு எதிரில் தமிழர் நிற்கிறார், தமிழ் அணியை வடக்கத்திப் பையன்கள் தூக்கிச் சுமக்கிறார்கள். ஏலம் என்று வந்துவிட்டால் ஊரும் பேரும் இப்படித்தான் கலைத்துப் போடப்படும்.

பவன் இல்லாத இடத்தில் நரேந்தர் என்ற அரியானாப் பையன் ரெய்டுக்குப் போனான். முதல் சீஸன். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அவன் சீஸன் முடிவதற்குள் இருநூற்று நாற்பதைச் சுற்றி ரெய்டு பாயின்ட் சேர்த்துவிட்டான். பக்கபலமாக மகாராஷ்டிரத்து அஜிங்க்ய பவார். தடுப்பில் சாகர், சாஹில் குலியா. நடுவில் பயிற்சியாளர் மாறினார். புதிதாக வந்தவர் ஆஷன் குமார், பழைய இந்திய ஆட்டக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். அணி நிமிர்ந்தது. 66 பாயின்ட்டோடு ஐந்தாம் இடம். தலைவாஸ் முதன்முறையாக லீக் சுற்றைத் தாண்டியது.

டிசம்பர் 13, எலிமினேட்டர். எதிரே உத்தரப் பிரதேசத்து யு.பி. யோதாஸ், அவர்களிடம் பர்தீப் நர்வால். நாற்பது நிமிஷம் முடிந்தால் 36–36! டை பிரேக்கர். கால்பந்தில் பெனால்ட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு பக்கமும் ஏழு பேரும் மெத்தையில் நிற்பார்கள். அவுட்டானாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஐந்து வெவ்வேறு ஆட்கள், ஆளுக்கொரு ரெய்டு. அதில் 6–4 என்று தலைவாஸ் ஜெயித்தது. அன்று நள்ளிரவுக்குப் பிறகு மெஸ்ஸியின் ஆட்டம் இருந்ததால், மறுநாள் காலை டீக்கடைப் பேச்சில் இந்த 6–4-க்கு இடம் கிடைத்திருக்காது.

இரண்டு நாள் கழித்து செமி ஃபைனல். புனேரி பல்தான் லீக்கில் இரண்டாமிடம் பிடித்த அணி. பயிற்சியாளர் பி.சி.ரமேஷ், கர்நாடகக்காரர், இவரும் அர்ஜுனா விருதுக்காரர். ஆனால் புனேயும் நொண்டிக்கொண்டுதான் வந்திருந்தது. சீஸன் முழுக்க ரெய்டில் அணியைத் தாங்கிய அஸ்லாம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் காயத்தால் இல்லை. தலைவாஸுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் பாதியில் அந்த நினைப்பு பலித்தது. இடைவேளையின்போது தலைவாஸ்தான் முன்னிலை. ஃபைனலுக்கு இன்னும் இருபதே நிமிஷம்.

அப்புறம் பங்கஜ் மோஹிதே ஆரம்பித்தார். குள்ளமான, துருதுருவென்ற ரெய்டர். இல்லாத இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே ஆடினார். அந்த ராத்திரி அவர் எடுத்தது 16 பாயின்ட். கபடியில் ஒரு ரெய்டர் சூடு பிடித்துவிட்டால் எதிரணி ஒவ்வொருவராக பெஞ்சுக்குப் போவதும், நடுவே நிற்கிறவர்களுக்கு மெத்தை திடீரென்று பெரிதாகத் தெரிவதும் சகஜம். பதிமூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். அதில் உங்கள் பாதியில் ஏழு பேர் நின்றால் கோட்டை, மூன்று பேர் நின்றால் திறந்த வீடு. முன்னிலை கரைந்தது. புனே முந்தியது. தலைவாஸ் துரத்தியது. துரத்தி, துரத்தி, 37 வரை வந்து நின்றது.

இரண்டு பாயின்ட் என்றால் என்ன? ஒரு சூப்பர் டேக்கிள். ஒரு முறை எதிரணியை ஆல் அவுட் செய்தால் கூடுதலாகக் கிடைப்பது. அல்லது, போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றிய காலை இரண்டு ரெய்டில் ஓரங்குலம் கூட நீட்டியிருந்தால் வந்திருப்பது. மொத்தம் 76 பாயின்ட் எழுதப்பட்ட ஆட்டத்தில் இரண்டு. 'அந்த ஒரு பிடிதான் தோற்கடித்தது' என்று யாரையும் விரல் நீட்ட முடியாத தோல்வி. அதுதான் இதில் கஷ்டம். அமெரிக்காவின் கேட்ச் மாதிரி ஒரு கணத்தைப் பிரேம் போட்டு மாட்ட முடியவில்லை. அதனாலேயே சீக்கிரம் மறந்தும் போனது.

புனே இரண்டு நாள் கழித்து ஃபைனலில் ஜெய்ப்பூரிடம் 29–33 என்று தோற்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். கபடிச் செய்தி பத்திரிகைகளின் உள்பக்கத்தில் எங்கோ போய் உட்கார்ந்தது. ஆனால் புனே அந்தத் தோல்வியை வீணாக்கவில்லை. அதே பயிற்சியாளரோடு அடுத்த சீஸனில் திரும்பி வந்து, 2024 மார்ச் முதல் தேதி அரியானாவை 28–25 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. தலைவாஸ் அந்த சீஸனில் ஒன்பதாமிடம். அதற்கடுத்த சீஸனிலும் ஒன்பதாமிடம்.

இதில் எனக்கு உறுத்துவது தோல்வி அல்ல. அந்த சீஸன் தலைவாஸில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கவர் இடத்தில் நின்ற எம்.அபிஷேக் மாதிரி ஒரு சிலர். ரெய்டுக்குப் போனவர்களும் கார்னரில் நின்றவர்களும் பெரும்பாலும் அரியானா, மகாராஷ்டிரம். நரேந்தரையோ பவாரையோ குறை சொல்லவில்லை. அந்தப் பையன்கள் தங்களுக்குப் புரியாத பாஷையில் கத்துகிற கூட்டத்துக்காக எலும்பை உடைத்துக்கொண்டு ஆடினார்கள். அரியானாவில் ஒரு கிராமத்துப் பையன் பன்னிரண்டு வயதில் மெத்தையில் கால் வைக்கிறான். பதக்கம் வாங்கினால் அரசாங்கம் ரொக்கமும் வேலையும் தருகிறது. நம் பையன் இருபது வயதுவரை செம்மண்ணில், வெறுங்காலில் ஆடிவிட்டு, முதல்முறையாக மெத்தையில் இறங்கும்போது கால் வழுக்குவதா பிடிப்பதா என்று யோசிக்கிற அந்த அரை விநாடியில் ஆளைத் தூக்கிவிடுகிறார்கள். மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கிக்கொண்டே திரும்பும், மெத்தையில் அப்படியே ஒட்டி நிற்கும். பழகாதவன் முழங்கால்தான் போகும்.

"நம்ம பயலுவள யாரு எடுக்கா? ஏலத்துல பேரு வந்தாத்தான எடுப்பான். பேரு வரணும்னா நேஷனல் ஆடியிருக்கணும். நேஷனல் ஆட மேட்டுல பிராக்டிஸ் வேணும். மேட்டு எங்கன கெடக்கு?" தென்காசியில் பையன்களுக்குக் கபடி சொல்லித்தரும் ஒரு அண்ணாச்சி ஒரே மூச்சில் சொன்னது இது. ரெய்டு போகிற மாதிரியே, நடுவில் மூச்சு விடாமல்!

அந்த டிசம்பர் செமி ஃபைனலைப் பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். பார்த்திருக்கிறார். கடைசி ஐந்து நிமிஷம் உட்காரவே இல்லையாம். "ரெண்டு பாயின்ட்டுல்லா... சவத்த விடுங்க" என்றார். பிறகு அவராகவே, இடைவேளைக்கு அப்புறம் மோஹிதே எந்தப் பக்கமாக ஏறி வந்தார், நம் கார்னர் எங்கே முந்திப் பாய்ந்தது, செயின் போட்டவர்களில் யார் கையை விட்டார் என்று, கையில் இருந்த சாக்பீஸால் சிமென்ட் தரையில் கோடு போட்டு, ரொம்ப நேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.